டிராக்கில் இறங்குமுன் பாலிசியைப் படியுங்கள்

காரை ஒருமுறையாவது விரட்டிப் பார்க்கும் ஆசை தப்பில்லை. அதை ஈசிஆர் போன்ற பொதுச் சாலையில் தீர்த்துக்கொள்வதுதான் தப்பு. அங்கே பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடியும் சிக்கினால் சிறை ஓராண்டு வரை நீளும்.

முறையான வழிகள் இரண்டு. ஆட்டோகிராஸ் என்றால் திறந்தவெளியில் கோன் வைத்து வளைத்து நெளித்து அமைத்த பாதை. நம் ஊரில் பெரும்பாலும் மண் தரை. ஒரு நேரத்தில் ஒரு கார், போட்டி கடிகாரத்தோடு. டிராக் டே என்றால் இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தளங்களில் கட்டணம் கட்டி ஓட்டுவது. அங்கே போட்டி இல்லை. ஆனால் முன்னாலும் பின்னாலும் வேறு கார்கள் பறக்கும்.

புதியவர் ஆட்டோகிராஸில் தொடங்குவதே நல்லது. அங்கே கணக்குத் தப்பினால் பெரும்பாலும் ஒரு கோன் சாயும். மண்ணில் கார் உருளவும் வாய்ப்புண்டு என்பதால் ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் கட்டாயம். டிராக்கில் வேகம் நூறைத் தாண்டும், பிரேக் கொதிக்கும். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் சீக்கிரமே ஆவியாகி, மிதித்த பெடல் தரைவரை போய்விடும். போகுமுன் ஆயிலை மாற்றுங்கள். மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்து, டிராக்கை ஒட்டி கார்கள் நிற்கும் பிட்டுக்குத் திரும்ப வேண்டும்.

பலர் கவனிக்காதது காப்பீடு. வழக்கமான தனியார் கார் பாலிசியில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காரைப் பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். ஆட்டோகிராஸ், டிராக் டே இரண்டிலும் இதைக் காட்டியே இழப்பீட்டை மறுக்கலாம். 'ரோட்டில் அடிபட்டதாகச் சொல்லிவிடு' என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள், அது மோசடி. நிகழ்ச்சிக்கெனத் தனிக் காப்பீடு உண்டா, ஆம்புலன்ஸ் நிற்குமா என்று நடத்துபவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பொறுப்புத் துறப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும், பணம் கட்டியவர் நுகர்வோர்தான். நடத்துபவரின் அலட்சியத்தால் பாதிப்பு நேர்ந்தால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915. டிராக்கிலிருந்து வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்துக்கும் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தால், முதலில் அவர்களிடமே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.