மடி ஒரு சீட் இல்லைங்க!

திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு ஃபேமிலியோட காரில் கிளம்புறீங்க. பின்சீட்டில் சித்தி, பெரியம்மா, முறுக்குப் பை. அக்காவோட குட்டிப் பையன் எங்கே? முன்சீட்டில், மாமா மடியில்! ‘‘நான்தான் இறுக்கிப் புடிச்சிருக்கேன்ல...’’ இது மாமா டயலாக்.

நிஜமாவே பிடிக்க முடியுமா? கொஞ்சம் ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ். 50 கி.மீ. வேகத்தில் போற கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள்ள நின்னா, 10 கிலோ குழந்தையைத் தடுத்து நிறுத்த சுமார் 200 கிலோ மூட்டையைத் தாங்குற பலம் வேணும். எந்த ஜிம் பாடிக்கும் ஆகாத வேலை! மாமா பெல்ட் போடலைன்னா, அவர் எடையும் சேர்ந்து குழந்தை மேலதான் விழும்.

இதை ஒரு ஊருக்கே புரியவெச்சவர் குழந்தை டாக்டர்தான். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து ராபர்ட் சாண்டர்ஸ். அவரோட விடாமுயற்சியால, 4 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு காரில் பாதுகாப்பு சீட் கட்டாயம்னு 1977-ல் அங்கே சட்டம் வந்துச்சு. அந்த நாட்டிலேயே முதல் சட்டம். ஆனா, ‘பெரியவங்க கையில வெச்சுக்கிட்டா ஓகே’ன்னு ஒரு விதிவிலக்கு! ‘குழந்தையை நசுக்கும் திருத்தம்’னு அதுக்குப் பட்டப்பேரே உண்டு. 1981-ல்தான் அந்த ஓட்டை அடைபட்டுச்சு. 1985-க்குள்ள 50 மாநிலங்களிலும் இதே மாதிரி சட்டம்.

நம்ம நாட்டில்? 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயசுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ, குழந்தை சீட்டோ இல்லாம கூட்டிட்டுப் போனா 1,000 ரூபாய் அபராதம். 

டாக்டர்கள் சொல்றது சிம்பிள். கைக்குழந்தைக்குப் பின்சீட்டில், காரின் பின்பக்கம் பார்த்த மாதிரி தனி சீட். கொஞ்சம் வளர்ந்தா முன்பக்கம் பார்த்த சீட். அப்புறம் பூஸ்டர். சுமார் 145 செ.மீ. உயரம் வந்த பிறகுதான் வெறும் பெல்ட். 13 வயசு வரைக்கும் பின்சீட்தான் பெஸ்ட்.

‘‘அழுவானே!’’ன்னு அக்கா சொல்வாங்க. முதல் நாள்ல இருந்தே பழக்கினா, குழந்தைக்கு அதுதான் கார். முக்கியமா, நீங்க பெல்ட் போடுறதைத்தான் அவன் பார்ப்பான். ‘க்ளிக் சத்தம் கேட்டாதான் வண்டி நகரும்’னு ஒரு விளையாட்டு ஆரம்பிங்க. ரெண்டாவது ட்ரிப்பில் அவனே உங்களைப் பார்த்து ‘‘மாமா, க்ளிக்?’’ன்னு கேட்பான்.

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதும் அதே 2019-ல்தான். ஊருக்கெல்லாம் பூட்டு செஞ்சு தந்த நாம, வீட்டுக் குட்டிக்கு இந்தச் சின்னப் பூட்டை மாட்ட மறக்கலாமா?

சாவி உங்க கையில, பாஸ்!