பாவனைக்கு ஒரு பிடி மாவு

மூன்று வயதுக் குழந்தையிடம் ஒரு பிடி பிசைந்த மாவைக் கொடுத்தால், முதலில் விரலால் குத்திப் பார்க்கும், பிய்க்கும், உள்ளங்கையால் நசுக்கும். நசுங்கித் தட்டையானதும் அதற்குத் தோசை என்று பெயர் வந்துவிடும். பெயர் வந்த கையோடு கடையும் வரும், கடைக்கு வாடிக்கையாளரும் தேவைப்படுவார். ஒன்றை இன்னொன்றாகக் கொண்டு ஆடும் இதைத்தான் உளவியலாளர்கள் பாவனை விளையாட்டு என்கிறார்கள். ஒன்றரை வயதுவாக்கில் தலைகாட்டும் இந்த விளையாட்டு மூன்று முதல் ஐந்து வயதுக்குள் செழித்து வளர்கிறது. இதற்கென்றே பிளாஸ்டிக் அடுப்பு, மருத்துவர் பெட்டி, காய்கறிக் கூடை என்று கடைகளில் எத்தனையோ சாமான்கள் கிடைக்கின்றன. ஆனால் அடுப்படியில் பத்து நிமிடத்தில் கிளறி எடுக்கிற மாவு அவற்றைவிடப் பொருத்தமானது என்பது என் கட்சி. மலிவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. விளையாட்டுப் பொருள் எந்த அளவுக்கு அசலைப்போல இருக்க வேண்டும் என்பதைக் குழந்தையின் கையிலேயே விட்டுவிடுவது மாவும் அதன் உறவான களிமண்ணும்தான்.

இந்த அளவு ஏன் முக்கியம்? சோவியத் உளவியலாளர் லெவ் விகாட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையொன்றில், குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையை உதாரணம் காட்டினார். எந்தக் குச்சியும் குதிரையாகலாம், ஆனால் அஞ்சலட்டை குதிரையாகாது என்றார். காலிடுக்கில் வைத்து ஓடுவதற்குக் குச்சி தோதுப்படும், அட்டை தோதுப்படாது. குதிரையைப்போலத் தோன்ற வேண்டிய அவசியம் குச்சிக்கு இல்லை, குதிரையேறுகிற செயலுக்கு இடம் கொடுத்தால் போதும். கண்முன் இருக்கும் பொருளிலிருந்து அர்த்தத்தைத் தனியே பிரித்தெடுக்கக் குழந்தை இன்னும் பழகவில்லை, அதற்குப் பிடிமானமாக ஏதோ ஒரு பொருள் கையில் வேண்டும் என்பது அவர் வாதம். 1978இல் வெளியான எல்டர், பீடர்சன் ஆகியோரின் ஆய்வு இதற்கு வயதுக் கணக்கும் சேர்த்தது. இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கு அசலை ஒத்த பொருள் இருந்தால் பாவனை எளிதாக வந்தது, ஒப்புமையே இல்லாத பொருளைக் கொடுத்தபோது தடுமாறினார்கள். மூன்றரை வயதில் அந்தத் தடுமாற்றம் குறைந்துவிட்டது. இங்கேதான் பொம்மை வாங்குகிறவர்களுக்குச் சிக்கல். அச்சு அசலான பொம்மை சின்னக் குழந்தைக்கு உதவும், ஆனால் வளர்ந்த குழந்தையின் கற்பனைக்கு அதில் வேலை குறைவு. வெறும் மரக்கட்டையைக் கொடுத்தால் வளர்ந்த குழந்தை அதில் ரயில் ஓட்டும், சின்னது விழிக்கும்.

மாவு இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்த்துவிடுகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு இட்லி இட்லியைப்போலவே வேண்டுமென்றால், அக்காவோ பாட்டியோ உருட்டி நடுவில் லேசாக உப்பலாக்கிக் கொடுக்கலாம். நான்கு வயதுக் குழந்தைக்குப் பிய்த்த துண்டே போதும், அதை இட்லி என்று அறிவித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். விகாட்ஸ்கி சொன்ன செயலுக்கும் இதில் பஞ்சமில்லை. உருட்டலாம், கிள்ளலாம், வெட்டலாம், அடுக்கலாம், பரிமாறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்ததை அழித்துவிடலாம். இட்லியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் பாம்பு, பாம்பைச் சுருட்டினால் முறுக்கு. வடிவம் மாறும்போதெல்லாம் குழந்தை புதிய பெயரைத் தேட வேண்டியிருக்கிறது, பெயர் மாறினால் கதையும் மாறுகிறது. பிளாஸ்டிக் இட்லி இந்த வேலையை வாங்குவதில்லை.

குழந்தை இதையெல்லாம் நிஜமென்று நம்பிக் குழம்பிப்போகாதா என்று சிலர் கவலைப்படுவதுண்டு. உற்றுக் கவனித்தால் விடை தெரியும். மாவு இட்லியை வாய்க்கு ஓர் அங்குலம் முன்னால் நிறுத்தி, காற்றைக் கடித்து, சப்புக்கொட்டி, முழு இட்லியையும் திரும்பத் தட்டில் வைக்கும் குழந்தை. இது மாவு என்பதும் இட்லி என்பதும் ஒரே நேரத்தில் அதன் மனதில் இருக்கின்றன, ஒன்றை ஒன்று கெடுப்பதில்லை. வாழைப்பழத்தைத் தொலைபேசியாக்கிப் பேசும் குழந்தை நிஜ வாழைப்பழத்தைப் பற்றி ஏன் குழம்புவதில்லை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1987இல் ஆலன் லெஸ்லி எழுதிய கட்டுரை, குழந்தை உளவியலில் இன்றும் பேசப்படுகிறது. இதே வயதுக் குழந்தை வேறொரு இடத்தில் சறுக்குகிறது என்பது எனக்குத் தீராத வியப்பு. ஜெனீவாவில் ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் செய்த சோதனையில், சம அளவுள்ள இரண்டு களிமண் உருண்டைகளில் ஒன்றை நீளமாக உருட்டிக் காட்டினால், நான்கைந்து வயதுக் குழந்தைகள் நீளமானதில்தான் களிமண் அதிகம் என்றார்கள். ஏழெட்டு வயதில்தான் இரண்டும் ஒன்றே என்பது உறுதிப்பட்டது. அளவைக் கேட்டால் நீளத்திடம் ஏமாறும் அதே மனம், பாவனையில் இரண்டு உண்மைகளைச் சேர்த்துப் பிடிக்கிறது.

நம் ஊர்க் குழந்தைகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஈரமணலில் வீடு கட்டி, மணலையே சோறாக்கிப் பரிமாறிய சிறுமியர் பழந்தமிழ் இலக்கியத்தில் இருக்கிறார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில், கட்டிய சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சுவதற்கென்றே ஒரு பதிகம் உண்டு. கடையில் டப்பாவில் விற்கிற மாவின் பிறப்புதான் விசித்திரமானது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1930களில் அது சுவர்த்தாளில் படிந்த நிலக்கரிக் கரியைத் துடைக்கும் பசையாக இருந்தது. வீடுகளுக்கு எரிவாயு வந்து கரி குறைந்தது, கழுவக்கூடிய வினைல் சுவர்த்தாளும் வந்தது, வியாபாரம் படுத்தது. கே ஸூஃபால் என்ற பாலர் பள்ளி ஆசிரியை அந்தப் பசையைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பசையைத் தயாரித்த நிறுவனத்தின் ஜோ மெக்விக்கர் அவருக்கு உறவினர். 1956இல் அதே பசை ‘ப்ளே-டோ’ என்ற பெயரில் விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது.

வீட்டில் கிளறுவதற்கு ஒரு கப் மைதா, அரைக் கப் தூளுப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதே அளவு எலுமிச்சைச் சாறு போதும். கட்டியில்லாமல் கரைத்து வாணலியில் ஊற்றிச் சிறுதீயில் கிளற வேண்டும். முதலில் கூழாக இருக்கும், பிறகு அடியிலிருந்து கட்டிகட்டியாகத் திரளும், கடைசியில் கொழுக்கட்டை மேல்மாவைப்போல ஓரத்தை விட்டு ஒரே உருண்டையாகச் சுருண்டு வரும். சப்பாத்திக்குப் பிசைந்த மாவையே ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்கலாம். மைதாவிலும் கோதுமை மாவிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் ரப்பரைப்போல இழுபடும், நீட்டினால் பின்வாங்கும். அதனால் செய்த உருவம் நிற்காது. சூடேறும்போது அந்தப் புரதம் இறுகித் தன் இழுவையை இழக்கிறது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்கிக் குழைகிறது. இப்போது மாவு நசுக்கிய வடிவத்திலேயே நிற்கும். எண்ணெய் கையில் ஒட்டாமலும் சீக்கிரம் காயாமலும் காக்கிறது. உப்பு, கிருமிகளுக்கும் பூஞ்சைக்கும் தேவையான நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மூடிய டப்பாவில் மாவு பல நாள் தாங்கும். மழைக்காலத்தில் அதே உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், ஒரு கரண்டி மைதா தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். நிறத்துக்கு மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, கீரைச் சாறு இருக்கவே இருக்கின்றன.

உப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த மாவில் உப்பு மிக அதிகம். நாக்கில் வைத்த குழந்தை பெரும்பாலும் துப்பிவிடும், ஆனால் கணிசமாக விழுங்கினால் ஆபத்து. எதையும் வாயில் போடுகிற பருவத்தில் பக்கத்தில் ஆள் இல்லாமல் கொடுக்கக் கூடாது. நாய் வளர்க்கும் வீடுகளில் இன்னும் கவனம் தேவை, உப்பு மாவைத் தின்ற நாய்கள் உயிராபத்தில் சிக்குவதுண்டு. கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அரிசி மாவில் கிளறலாம்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஆய்வுலகத்திலிருந்தே வந்திருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலீன் லில்லார்டும் அவருடைய சகாக்களும் 2013இல் அதுவரையிலான ஆய்வுகளை அலசினார்கள். பாவனை விளையாட்டு அறிவுக்கூர்மையையும் படைப்பாற்றலையும் வளர்க்கிறது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்று முடிவுக்கு வந்தார்கள். மொழி, கதை சொல்லும் திறன் போன்றவற்றுக்கு அது பல வழிகளில் ஒரு வழியாக இருக்கலாம் என்ற அளவிலேயே நின்றார்கள். இதை நான் அப்படியே ஏற்கிறேன். ‘மூளை வளர்ச்சி’ என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் டப்பாக்களை நம்ப வேண்டாம். நான் சொல்வது அதைவிடச் சிறியது. குழந்தைகள் எப்படியும் பாவனை செய்யத்தான் போகிறார்கள், அதற்குத் தோதான பொருளைக் கொடுப்போம். அது நல்ல விளையாட்டு என்பதற்குப் பின்னாளில் வரும் மதிப்பெண் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. மரியா மாண்டிசோரியின் வழி வந்தவர்கள் இன்னொரு கோணத்தில் மறுப்பார்கள்: பொய்ச் சமையல் எதற்கு, நிஜமாகவே காய் நறுக்கக் கற்றுக்கொடுக்கலாமே? தாராளமாகக் கற்றுக்கொடுக்கலாம். மைதாவை அளந்து கொட்டுவதும், ஆறிய மாவில் நிறம் பரவும்வரை பிசைவதும் நிஜ வேலைதான், கடை டப்பாவில் அது கிடைக்காது. ஆனால் நான்கு வயதில் நிஜமாகப் பேருந்து ஓட்டவோ ஊசி போடவோ முடியாது. அந்த உலகங்களுக்குள் நுழைய பாவனைதான் வாசல்.

பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ‘இது என்ன, அது என்ன’ என்று பரீட்சை வைப்பதைவிட நோயாளியாகவோ பயணியாகவோ உள்ளே போய்விடுவது நல்லது. ‘டாக்டர், பல் வலிக்குது’ என்றால் மாவில் பல் முளைக்கும், பிடுங்கவும் படும்.

உணவுப் பொருளில் விளையாடுவதா என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் எழும். அது மதிக்க வேண்டிய கேள்வி. பசியறிந்த வீட்டில் மாவைக் கீழே சிந்துவது மனதை உறுத்தும். ஒரு கப் மைதாவில் கிளறியது வாரக்கணக்கில் விளையாட்டுக்கு வரும் என்று கணக்குச் சொல்லலாம், ஆனால் அந்த உறுத்தலுக்குக் கணக்கு பதிலாகாது. அப்படிப்பட்ட வீட்டில் களிமண் இருக்கட்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கும் களிமண்ணில் சுத்தமான ஒரு கட்டியைத் தனியே எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் போதும். காய்ந்தால் வெடிக்கும், தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் மறுபடி இளகும். தோசை எவ்வளவு தோசையாக இருக்க வேண்டும் என்பதை அதிலும் குழந்தையே தீர்மானிக்கலாம்.