ஒத்து என்னும் துணைநாதம்

கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றப்படுவதை நேயர்கள் நன்கு அறிவர். அந்த நாகூர் தர்காவிலே நாகசுவரம் வாசிக்கும் மரபு நெடுங்காலமாக உண்டு. நாகசுவரத்தின் இனிமையை வியப்பவர் பலர். அதன் பின்னே இடையறாது ஒலிக்கும் மற்றொரு நாதத்தைச் செவிமடுப்பவர் சிலரே. அந்நாதத்தைத் தரும் கருவியே ஒத்து.

தோற்றத்தில் அது நாகசுவரத்தையே போன்றது. ஆயினும் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதற்கு இல்லை. அடிப்பகுதியிலுள்ள சில துளைகளை மெழுகினால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வர். அது எழுப்புவது ஆதார ஷட்ஜம் ஒன்றையே.

ஒரே சுரம் எதற்கு? நம் இசையில் ஏனைய சுரங்கள் யாவும் ஆதார ஷட்ஜத்தோடு கொள்ளும் உறவினாலேயே பொருள் பெறுகின்றன. ஷட்ஜத்தின் அதிர்வு 2 பங்காயின் பஞ்சமத்தின் அதிர்வு 3 பங்கு. இவ்விகிதம் சிறிது பிசகினும் இரு நாதங்களும் மோதி நடுங்குவதைச் செவி உணர்ந்துவிடும். ஆகவே, ஒத்து கலைஞனுக்கு ஓர் அளவுகோல்.

பிறர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பவரை 'ஒத்து ஊதுகிறார்' என்று ஏளனம் செய்கிறோம். உண்மையில் ஒத்து ஊதுதல் எளிய செயலன்று. கன்னத்தில் தேக்கிய காற்றைக் குழலுக்குள் செலுத்திக்கொண்டே மூக்கினால் மூச்சை உள்ளிழுக்க வேண்டும். நாதம் அறுதல் கூடாது. இப்பணியைப் பெரும்பாலும் இளம் மாணாக்கரே ஏற்றனர். குருவின் வாசிப்பை ஆதார சுரத்தோடு ஒப்பிட்டுக் கேட்கும் பயிற்சி அவர்களுக்கு அதனாலேயே வாய்த்தது.

1998 இல் சங்கீத கலாநிதி விருதுபெற்ற நாகசுவர மேதை ஷேக் சின்ன மௌலானாவையும், 2001 இல் பாரத ரத்னா விருதுபெற்ற ஷெனாய் மேதை பிஸ்மில்லா கானையும் உலகம் அறியும். அத்தகைய பெருங்கலைஞர்களின் பின்னமர்ந்து சுருதி காத்தோரின் பெயர்களை அறிந்தவர் அரியர்.

இருபதாம் நூற்றாண்டில் துருத்தியால் இயங்கும் சுருதிப்பெட்டி ஒத்தின் இடத்தைப் பெரிதும் பற்றியது. பின்னர் மின்னணுப் பெட்டியும் வந்தது. அவை களைப்பதில்லை, சுருதி பிசகுவதும் அரிது. ஆனால், பெட்டி ஒலிக்கும் இடத்திலே முன்னர் ஒரு மாணாக்கன் அமர்ந்திருந்தான். ஊதிக்கொண்டே கேட்டான், கேட்டுக் கேட்டே கலைஞனானான். பெட்டி நாதத்தைத் தருகிறது. அடுத்த வித்துவானை அது தருவதில்லை.