இசுதான்புல் அருங்காட்சியகத்தில் எழுத்தும் கம்பளமும்

துருக்கிய, இசுலாமியக் கலைப்பொருள்களுக்கென இசுதான்புல் நகரில் அமைந்த அருங்காட்சியகம் 1914-ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு முந்திய சில பத்தாண்டுகளில் பள்ளிவாசல்களிலும் கல்லறை மாடங்களிலும் இருந்த கம்பளங்களும் சுவடிகளும் களவுபோய் ஐரோப்பியச் சந்தைகளை அடைந்தன. அவற்றுட் பல வக்பு அறமாக வழங்கப்பட்டவை; விற்றற்கு உரியன அல்ல. எஞ்சியவற்றைக் காக்கும் பொருட்டே, சுலைமானியப் பள்ளிவாசலைச் சார்ந்த அட்டிற்சாலையில் இக் காட்சியகம் நிறுவப்பெற்றது. வறியோர்க்குச் சோறிட்ட இடம் அறப்பொருள்களின் காப்பிடமாயிற்று. 1983-இல் இது பழைய தேர்ப்பந்தயத் திடலை அடுத்த இப்ராகிம் பாசா மாளிகைக்கு மாறியது. சுலைமான் மன்னரின் தலைமையமைச்சராய் விளங்கி, 1536-இல் அம் மன்னராலேயே கொல்லப்பட்டவர் இப் பாசா. அவ் வரலாறு ஈண்டு வேண்டுவதன்று.

வேண்டுவது கம்பளங்களின் ஓரத்தைப் பற்றிய ஆராய்ச்சி. கோன்யா நகரத்து அலாவுதீன் பள்ளிவாசலில் 1905-இல் அறிஞர் கவனத்துக்கு வந்த செல்சூக்கியக் கம்பளங்கள் இங்கு உள்ளன. 13-ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் இவற்றின் பாவும் ஊடையும் முடிச்சும் கம்பளி நூலே. நடுப்பரப்பில் சிறிய உருக்கள் வரிசை வரிசையாய் மீண்டும் மீண்டும் வரும். ஓரப்பட்டையிலோ கூஃபி எழுத்தின் நெடுங்கோடுகளை ஒத்த பேருருக்கள் நிற்கும். வாசகம் போலும் என எண்ணிப் படிக்கப் புகுவார்க்குச் சொல் ஒன்றும் அமையாது.

இதற்கு நெசவின் இயல்பை ஒரு காரணமாகக் கூறலாம். துருக்கிய முடிச்சு ஒவ்வொன்றும் இரண்டு பாவு நூல்களைச் சுற்றி இடப்படுவது. முடிச்சு ஒரு புள்ளியாகவும், புள்ளிகள் நேர்வரிசையாகவும் அமைதலின், பருமுடிச்சில் வளைகோடு படிக்கட்டாகிவிடும். கோணம் மிக்க கூஃபி அதற்குப் பொருந்தியது. எனினும் இஃதொன்றே காரணமாயின், கோணவெழுத்தாலாயினும் ஒரு சொல்லை நெய்திருத்தல் கூடும். நுண்முடிச்சாலான அர்தபீல் கம்பளத்தில் (1539-40, இப்பொழுது இலண்டனில் உள்ளது) படிக்கத்தக்க பாடலே உண்டு. மிதிபடும் பொருளில் மறைமொழி பொறித்தல் தகாதென்னும் எண்ணம் கோன்யா நெசவாளரைத் தடுத்திருக்கலாம் என்பது பொருத்தமாகவே தோன்றுகின்றது. சான்று காட்டி நிறுவப்பட்ட முடிபு அன்று அது.

ஓரத்து எழுத்துரு பின்னும் வாழ்ந்தது. 15, 16-ஆம் நூற்றாண்டுக் கம்பளங்களுட் சிலவற்றில் அது பின்னற் கொடியாகத் திரிந்து வருகின்றது. அவ் வகைக்கு ‘ஓல்பைன் கம்பளம்’ என்று பெயர். செருமானிய ஓவியர் ஓல்பைன் தம் ஓவியங்களில் அவற்றைத் தீட்டியமையே காரணம். 1533-இல் அவர் வரைந்த ‘தூதுவர்’ ஓவியத்தில் அத்தகையதொரு கம்பளம் மேசைமேல் விரிக்கப்பட்டுள்ளது. நெய்தவர் பெயர் மறைய, வரைந்தவர் பெயர் நிலைத்தது.

சுவடிப் பகுதியில் ‘திமிசுக்கு ஏடுகள்’ சிறந்தவை. சிதைந்த மறையேடுகளை எறிதல் ஆகாதென்று உமையாப் பள்ளிவாசலின் முற்றத்து மாடத்தில் இட்டுவைத்தனர். முதல் உலகப் போர்க் காலத்தில் அவை இந் நகருக்குக் கொணரப்பட்டன. தோலில் எழுதப்பட்ட பழைய ஏடுகளில் மெய்களை வேறுபடுத்தும் புள்ளிகள் அருகியே காணப்படும். உயிரொலியைச் செம்புள்ளிகள் குறிக்கும். புள்ளியிடாத ஓலையைப் படித்துப் பழகியவர்க்கு இவ் விடர் புதிதன்று.

1928 நவம்பரில் துருக்கி லத்தீன் வரிவடிவைச் சட்டத்தால் மேற்கொண்டது. அதன்பின் பயின்ற மக்களுட் பெரும்பாலோர்க்குத் தம் முன்னோர் எழுதியதும் ஓவியமாயிற்று. கம்பளத்தின் போலியெழுத்தும் ஏட்டின் மெய்யெழுத்தும் அவர் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. அரபு எழுத்து அறியாத நம் மாணவர் நிலையும் அதுவே. ஆதலின் அங்குச் செல்வோர் முதற்கண் ஏடுகளில் கூஃபியின் வடிவங்களைக் கண்டு பழகி, அதன் பின்னரே கோன்யாக் கம்பளங்களின் ஓரத்தை நோக்குதல் நன்று.