மிதப்பதும் கவிழாதிருப்பதும்

விடுமுறை நாள்களில் பாலக்காட்டின் மலம்புழாவிலோ இடுக்கியின் தேக்கடியிலோ படகேறும் நாம், அப்படகு எதனால் மிதக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சிறிய இரும்பு ஆணி நீரில் இட்டவுடன் மூழ்குகிறது. அதைவிடப் பன்மடங்கு எடையுள்ள எவர்சில்வர் குடமோ மிதக்கிறது. எடை மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

நீரில் இறங்கும் பொருள் தன் இடத்திலிருந்த நீரை விலக்குகிறது. விலகிய நீரின் எடைக்கு ஈடான விசையுடன் நீர் அப்பொருளை மேலே உந்துகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி இது. இரும்பு, அதே பருமனுள்ள நீரைவிட ஏறத்தாழ 7.8 மடங்கு எடை மிக்கது. ஆகவே ஆணி விலக்கும் நீர் அதைத் தாங்கப் போதாது. குடமோ உள்ளே காற்றைக் கொண்டிருப்பதால் மிகுதியான நீரை விலக்குகிறது. படகின் நிலையும் இதுவே. பயணிகளையும் சேர்த்து 5 டன் எடையுள்ள படகு, 5,000 லிட்டர் நீரை விலக்கும் அளவுக்கு அமிழ்ந்து நிற்கும்.

ஆயினும் மிதந்தால் மட்டும் போதாது. கவிழாமலும் இருத்தல் வேண்டும். முல்லைப் பெரியாறு அணையால் உருவான தேக்கடி ஏரியில், 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். வனவிலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டனர் என்று அந்நாளைய செய்திகள் தெரிவித்தன.

படகு சற்றே சாயும்போது, அமிழ்ந்த பக்கத்தில் நீரின் உந்துதல் கூடி அதை மீண்டும் நிமிர்த்துகிறது. மேல்தளத்தில் கூட்டம் சேர்ந்து, அக்கூட்டமும் ஒரு பக்கம் நகர்ந்தால், நிமிர்த்தும் ஆற்றலைச் சாய்க்கும் ஆற்றல் விஞ்சிவிடும். காற்றிருந்த இடத்தில் நீர் புகுந்தபின், சாய்ந்து நிரம்பிய குடத்தைப் போலவே படகும் மூழ்கும்.

நம் உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் உள்ளது. எனவேதான் சில கிலோ எடையைத் தாங்கும் உயிர்காப்பு அங்கியே நம் தலையை நீர்மட்டத்திற்கு மேல் நிறுத்தப் போதுமானதாகிறது. படகேறுமுன் அதை அணிந்து வார்களை இறுகப் பூட்டிக்கொள்வோம். கரையில் யானைக் கூட்டமே தோன்றினும், இருக்கையை விட்டு எழாமல் கண்டு மகிழ்வோம்.