எடை இயந்திரம் சொல்லாததை இஞ்ச் டேப் சொல்லும்

பெங்களூரில் நாற்பது வயதைத் தாண்டாத ஒருவருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பது தெரியவந்தால், பழி உடனே ஐ.டி. வேலைமேல் விழுகிறது. வெளிவட்டச் சாலை நெரிசலும் எலக்ட்ரானிக் சிட்டியின் இரவுப் பணியும் உடம்புக்கு நல்லவை என்று யாரும் வாதாட மாட்டார்கள். ஹைதராபாத்தின் 345 ஐ.டி. ஊழியர்களைப் பற்றி 2025-இல் வெளியான ஆய்வில், 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தது. 34 சதவீதம் பேருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருந்தது. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு ஆகியவை கூடுவது, எச்.டி.எல். எனும் நல்ல கொழுப்பு குறைவது என்ற ஐந்தில் மூன்று சேர்ந்தாலே அந்தப் பெயர். ஆனால் 2010-இல் சீனாவில் கிராமம், நகரம் இரண்டையும் சேர்த்து நடத்திய தேசியக் கணக்கெடுப்பிலும் 33.9 சதவீதம் பெரியவர்களுக்கு இது இருந்தது. அலுவலக நாற்காலியை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமல்ல இது.

நம் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். சுமார் 1.13 லட்சம் பேரை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வில், உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், தொப்பை உள்ளவர்களோ 39.5 சதவீதம். எடைக்கும் உயரத்துக்குமான விகிதமான பி.எம்.ஐ. வரம்பை உலக அளவான 30-இலிருந்து 25-க்கு இறக்கிக் கணக்கிட்ட பிறகும், பத்தில் ஒருவராவது எடைக் கணக்கில் தப்பி இடுப்புக் கணக்கில் சிக்குகிறார். புனேயின் மருத்துவ ஆய்வாளர் யாக்னிக்கும் லண்டனின் ஆய்வாளர் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்களையே சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. வயிற்றுக்குள் தங்கும் கொழுப்பு கல்லீரலைச் சீர்குலைத்து, இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. நம் உணவில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவது அதற்குத் துணை போகிறது.

இந்த உடலமைப்பின் வேர் கருவறை வரை போகலாம். மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934-க்கும் 1954-க்கும் இடையில் பிறந்தவர்களைப் பின்னாளில் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய், 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம் பேருக்கே. இவர்கள் யாரும் கணினி முன் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் அல்லர்.

‘ஐந்து குறைகளைக் கட்டிவைத்து ஒரு பெயர் சூட்டுவதால் என்ன லாபம்?’ என்று 2005-இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்களே கேட்டன. நியாயமான கேள்விதான். இண்டியாப் கணக்கில் 66.9 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவு, ஐந்தில் ஒன்று பலருக்கு முன்கூட்டியே நிரம்பிவிடுவதால் நோயாளிகளின் எண்ணிக்கை ஊதிப்போகிறது என்றுகூட வாதிடலாம். மருந்தால் எச்.டி.எல்.-ஐ ஏற்றிப் பார்த்த பெரிய சோதனைகள் பெரும்பாலானவற்றில் மாரடைப்பும் குறையவில்லை. ஆகவே பெயரை விட்டுக்கொடுக்க எனக்குத் தயக்கமில்லை. இடுப்பளவை விட்டுக்கொடுக்க முடியாது. எடை சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவரையும் அது காட்டிக்கொடுக்கிறது; செலவும் இல்லை. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். பேன்ட் அளவை நம்பக்கூடாது. தொப்பை விழுந்தவர்கள் பேன்ட்டை அதற்குக் கீழேதான் கட்டுகிறார்கள்.