சிக்னல் இல்லாத போனுக்கு எதற்கு மாத வாடகை?



செல்போன் என்றால் பேசுவதற்கு மட்டும்தான் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. சிலிண்டர் கொண்டு வரும் தம்பி, "அம்மா, போன்ல வந்த நம்பரைச் சொல்லுங்க" என்கிறார். பாங்கில் இருந்து பணம் அனுப்பினால் ஓ.டி.பி. வருகிறது. பிள்ளை ஸ்கூலுக்கு வரவில்லை என்றால் அதற்கும் ஒரு மெசேஜ். வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்றால் அந்தக் கஷ்டம் முதலில் வந்து விழுவது வீட்டில் இருக்கும் நம் தலையில்தான். ஆபீஸ் போகிறவர்களோ, "எனக்கு நல்லாத்தானே கிடைக்குது, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்!

மதுரை டவுனில் வாடகை வீட்டில் இருந்தவரை எங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நான், என் கணவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகன் என 4 பேருடைய எண்களையும் ஒரே பில்லில் சேர்த்து, போஸ்ட்பெய்டில் 'ஃபேமிலி பிளான்' எடுத்திருந்தோம். ஒரு வருஷம் விடாமல் கட்டினால் மாதாமாதம் தள்ளுபடி உண்டு; நடுவில் விலகினால் மீதி மாதங்களுக்கும் பணம் கட்ட வேண்டும் என்று பேச்சு. நாலு மாதம் ஓடியது. 2023 ஜூனில் நாகமலை அடிவாரத்தில் சொந்த வீடு கட்டிக் குடிவந்தோம். அன்றோடு போன் ஊமையாகிவிட்டது.

ஹாலில் ஒரு கோடு, சமையலறையில் அதுவும் இல்லை. போன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். நான் படியேறுவதற்குள் அது நின்றுவிடும். டவருக்கும் வீட்டுக்கும் நடுவே மலை இருந்தாலும், கான்கிரீட் சுவர் கனமாக இருந்தாலும் அலை உள்ளே வருவது குறையும் என்று மகன் விளக்கினான். காரணம் எதுவானாலும் பில் மட்டும் குறையவில்லை.

ஒருநாள் இரவு, 72 வயதான என் மாமியாருக்குத் தலை சுற்றி, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கணவருக்கு நைட் ஷிப்ட், மகன் ஊரில் இல்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். "அத்தைக்கு..." என்று ஆரம்பித்ததுமே லைன் அறுந்துவிட்டது. மூன்று முறை இப்படி. பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்களுடைய போனில்தான் பேசினேன். அது வேறு கம்பெனி, வாசலிலேயே தெளிவாகக் கேட்டது. சுகர் இறங்கிவிட்டது, உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள் என்றார் டாக்டர். கொடுத்ததும் தெளிந்துவிட்டார். இனி இந்த ஒப்பந்தத்தில் ஒருநாளும் இருக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுநாள் கம்பெனி கடைக்குப் போனால், "போறதுன்னா போங்கம்மா. மீதி மாசத்துக்குப் பணத்தைக் கட்டிட்டுப் போங்க" என்று பதில். "அப்போ வைஃபை காலிங் போட்டுக்கோங்க" என்று யோசனை வேறு! அந்த வைஃபைக்கு யார் பணம் கட்டுவது? கரண்ட் போனால் என்ன செய்வது?

கோபத்தில் சிம்மை உடைத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால், எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அப்படித்தான் செய்தார். பாங்க், கேஸ், ஆதார் எல்லாம் அந்த எண்ணில் இருந்ததால், ஒவ்வொரு இடமாக அலைந்து மாற்றுவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. போதாததற்கு, கட்டாத பில்லுக்கு வக்கீல் நோட்டீசும் வந்தது. ஆகவே, எண்ணை விடாமல், முறைப்படி வெளியேறுவது என்று தீர்மானித்தேன். நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், பால் கணக்கு நோட்டில் பின்பக்கம் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். தேதி, நேரம், எந்த அறை, எத்தனை கோடு, யாருடன் பேசும்போது லைன் அறுந்தது என்று 3 வாரம் எழுதினேன். சிக்னலை எண்ணாகவே பார்க்கலாம் என்று மகன் காட்டித் தந்தான். போனில் 'செட்டிங்ஸ்' போய், 'அபவுட் போன்' என்பதில் சிம் நிலவரத்தைப் பார்த்தால் மைனஸ் போட்டு ஒரு எண் இருக்கும். மைனஸ் 90 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 115ஐ ஒட்டினால் பேச முடியாது. எங்கள் சமையலறையில் மைனஸ் 118!

அடுத்து, கம்பெனியின் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். இங்கே ஒரு விஷயம் முக்கியம். நாம் புகார் சொன்னால் அதற்கு ஒரு பதிவு எண் கொடுத்தாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத புகார் காற்றோடு போன பேச்சு. எங்கள் வீட்டுக்கு ஒரு ஊழியர் வந்து பார்த்தார். பாவம், அவரே தன் ஆபீசுக்குப் பேச மொட்டை மாடிக்குத்தான் போனார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்!

"டவர் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார்கள். அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்று டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-இல் விதி செய்திருக்கிறது. முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. 30 நாளுக்குள் செய்ய வேண்டும், 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேரே எழுதினால் தனி ஒருவருடைய புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. அதனால் இந்த வழியில்தான் போக வேண்டும்.

தமிழிலேயே ஒரு பக்கம் எழுதினேன். நோட்டுப் பக்கங்களின் ஜெராக்ஸ், புகார் எண்கள், பில் நகல் எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். மகன் இமெயிலும் செய்தான். கடிதத்தில் இரண்டே கேள்விகள். 'நடுவில் விலகினால் பணம் என்று எழுதி, நாங்கள் கையெழுத்துப் போட்ட தாள் எங்கே? பேச முடியாத சேவைக்குப் பணம் கேட்பது எந்த நியாயம்?'

ஐந்தாவது வாரம் பதில் வந்தது. கடைசி பில்லைக் கட்டினால் போதும், விலகும் கட்டணம் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். "அடி ஆத்தி, பால் நோட்டை வச்சே ஜெயிச்சுட்டியே!" என்று மாமியாருக்கு ஒரே சிரிப்பு.

அதன் பிறகுதான் எண்ணை மாற்றினோம். இந்த வரிசை முக்கியம். பாக்கி இருந்தாலும், ஒப்பந்தத்தில் விலகும் நிபந்தனை நிறைவேறாமல் இருந்தாலும் எண்ணை மாற்ற அவர்கள் மறுக்க முடியும். எண் மாறாமல் கம்பெனி மட்டும் மாறும் இந்த வசதி, 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க உண்டு. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடம் விட்டு, நம் எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் 8 எழுத்துக் குறியீடு ஒன்று வரும். நம் ஊரில் அது 4 நாள்தான் செல்லும். அதற்குள் புதிய கம்பெனியிடம் கொடுத்துவிட வேண்டும். பழைய கம்பெனியில் சேர்ந்து 90 நாளாவது ஆகியிருக்க வேண்டும். மாறிய பிறகும் பழைய கடைசி பில்லைக் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் அவர்கள் சொல்லி எண்ணையே நிறுத்திவிடலாம்.

மாறும் முன், புதிய கம்பெனியின் சிம் ஒன்றைச் சின்ன ரீசார்ஜில் வாங்கி, ஒரு வாரம் எல்லா அறையிலும் பேசிப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். எந்தெந்த இடத்தில் தங்கள் சேவை உண்டு என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2024-இல் டிராய் விதித்துள்ளது. அதையும் பார்க்கலாம். ஆனால் நம் சமையலறையை நாம்தான் சோதிக்க வேண்டும்.

மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். போன் கம்பெனி மீது அங்கே வழக்குப் போட முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை.

சகோதரிகளே, போன் பில்லும் பால் பில் மாதிரிதான். பால் தண்ணியாக இருந்தால் பால்காரரைக் கேட்காமல் விடுவோமா? இதையும் கேளுங்கள். கேட்பதற்கு முன், தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். கோபத்தைவிட அந்த நோட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

- ஒரு வாசகி, மதுரை.